மெயில் வருகிறது, பெயர்கள் ஏன் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல், ஜிமெயிலில் ஒன்று, போனில் வேறொன்று என்று பெயர்களும் நம்பர்களும் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பல வருடமாக மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்தான். பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள் என்று அறுநூறு பேர் அதில் இருக்கிறார்கள். மகன் ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தந்து, அவுட்லுக்கில் உள்ள அதே ஜிமெயில் கணக்கைப் போட்டுக் கொடுத்தான். மெயில் எல்லாம் போனுக்கு வருகிறது, ஆனால் அந்த அறுநூறில் ஒரு பெயர்கூட வரவில்லை. எங்கே தவறு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை ஐயா. உங்கள் மகனும் சரியாகத்தான் செய்திருக்கிறார். மெயில் போகும் பாதை வேறு, முகவரி போகும் பாதை வேறு, குழப்பம் இவ்வளவுதான். அவுட்லுக்கில் ஜிமெயிலைப் பெரும்பாலும் ஐமேப் என்ற முறையில் இணைப்போம். ஐமேப் கடிதங்களை மட்டும்தான் சுமக்கும், முகவரிகளைத் தொடவே தொடாது. உங்கள் அவுட்லுக்கில் காண்டாக்ட்ஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பக்கத்தில் 'இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்' என்று அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த அறுநூறு பேரும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் அவுட்லுக்கின் ஒரே ஃபைலுக்குள்தான் இருக்கிறார்கள். அந்த டிஸ்க் போனால் அவர்களும் போய்விடுவார்கள். எனக்கு முதல் கவலை அதுதான். போனுக்கு வருவதை அப்புறம் பார்க்கலாம், இன்றைக்கே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் எந்த மென்பொருளைப் போட்டாலும் பலன் இருக்காது. பெயர்களுக்குச் சொந்த வீடு எது? அவுட்லுக்கா, ஜிமெயிலா, போனா? ஒன்றைத்தான் சொல்லலாம். மற்ற இடங்களெல்லாம் அந்த வீட்டை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். மூன்று இடத்திலும் தனித்தனியாகப் பெயர் சேர்த்துக்கொண்டு, அவை தாமாகவே ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் இந்தத் தொல்லையே. உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருப்பதால் கூகுள் காண்டாக்ட்ஸையே வீடாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

குடிமாற்றுவது இப்படி. அவுட்லுக்கில் ஃபைல் மெனுவுக்குள் 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்' போய், காண்டாக்ட்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த எளிய பட்டியல்) ஃபைலாக எடுங்கள். பிறகு பிரவுசரில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து 'இம்போர்ட்' கொடுங்கள். அறுநூறு பேரும் ஒரே தடவையில் வந்துவிடுவார்கள். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். முதலில் பத்துப் பேரை மட்டும் வைத்து ஒரு சின்ன ஃபைல் செய்து ஏற்றி, பெயர், நம்பர், ஊர் எல்லாம் அதனதன் கட்டத்தில் விழுகிறதா என்று திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மிச்சத்தையும் ஏற்றலாம். போனில் கூகுள் கணக்கின் ஒத்திசைவு (சின்க்) பட்டியலில் காண்டாக்ட்ஸ் ஆன் ஆகியிருந்தால், கொஞ்ச நேரத்தில் பெயர்கள் தாமாக இறங்கிவிடும்.

இதற்குப் பிறகும் அவுட்லுக்கில்தான் கடிதம் எழுதுவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய அவுட்லுக்குக்கு 'அவுட்லுக் கால்டேவ் சின்க்ரனைசர்' என்று ஒரு இலவசச் சேர்க்கை (ஆட்-இன்) இருக்கிறது. கூகுளையும் அவுட்லுக்கையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வைக்கும். மைக்ரோசாஃப்ட் இப்போது தரும் புது அவுட்லுக்கில் இந்தச் சேர்க்கை வேலை செய்யாது. அதில் ஜிமெயில் கணக்கைப் போட்டால் காண்டாக்ட்ஸும் மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாக வந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள், பழைய அவுட்லுக்கில் ஓர் ஆளுக்கு மூன்று மெயில் முகவரிக்குத்தான் இடம். கூகுளில் நாலு, ஐந்து வைத்திருந்தால் மூன்றுக்கு மேல் அங்கே இடமில்லை.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். போனில் புது நம்பர் போட்டால் அது தண்டர்பேர்டிலும் வருமா?
– சிவகாசி வாசகர்

வரும். முன்பெல்லாம் இதற்குத் தனிச் சேர்க்கைகளைத் தேட வேண்டியிருந்தது. 2021இல் வந்த தண்டர்பேர்டு 91 முதல் கார்டுடேவ் வசதி உள்ளேயே இருக்கிறது. கார்டுடேவ் என்பது முகவரிகளுக்கான பொதுப்பாதை, 2011இல் தரமாக்கப்பட்டது. கூகுள், ஆப்பிளின் ஐகிளவுட், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சேவைகள் எல்லாமே இதைப் பேசும். தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, புதிய முகவரிப் புத்தகம் என்பதில் 'கார்டுடேவ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள். கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வரும், அனுமதி கொடுத்தால் முடிந்தது.

ஆனால் இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தண்டர்பேர்டில் ஏற்கெனவே 'பர்சனல் அட்ரஸ் புக்', 'கலெக்டட் அட்ரசஸ்' என்று இரண்டு புத்தகங்கள் உண்டு. இரண்டும் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகராதவை. நீங்கள் யாருக்காவது கடிதம் அனுப்பினால் அவர் முகவரி சத்தமில்லாமல் 'கலெக்டட்' புத்தகத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் போனில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? புது முகவரிகளை எந்தப் புத்தகத்தில் சேர்ப்பது என்பதை அமைப்புகளில் மாற்றலாம், கூகுள் புத்தகத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய புத்தகத்தில் இருப்பவர்களைப் பிடித்து இழுத்துப் புதியதில் போட்டால் போதும்.

என் போனில் என் தங்கை நம்பர் மூன்று தடவை இருக்கிறது. அழித்தால் மூன்றும் போய்விடுமோ என்று பயந்து விட்டுவைத்திருக்கிறேன். எப்படிச் சரிசெய்வது?
– மதுரை வாசகி

மூன்று இடங்களில் இருக்கிறாள் உங்கள் தங்கை: சிம் கார்டில் ஒரு தடவை, போனின் சொந்த நினைவகத்தில் ஒரு தடவை, கூகுள் கணக்கில் ஒரு தடவை. போன் மூன்றையும் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். சிம்மில் இருப்பது பெரும்பாலும் பெயரும் நம்பரும் மட்டும்தான். அதனால் சிம்மில் உள்ளவற்றையும் போனில் உள்ளவற்றையும் முதலில் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். காண்டாக்ட்ஸ் செயலியின் அமைப்புகளில் 'இம்போர்ட்' இருக்கும். மாற்றிய பிறகு, புதிய பெயர்கள் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கூகுள் கணக்கைக் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மாதமே பழையபடி சிதறும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஐகிளவுட், ஜிமெயில் இரண்டிலும் காண்டாக்ட்ஸ் ஆன் ஆகியிருந்தால், புதுப் பெயர் எதில் போய் விழும் என்பதை 'டிஃபால்ட் அக்கவுண்ட்' தீர்மானிக்கிறது.

இரட்டைகள் வர இன்னொரு காரணம் நம்பரை எழுதும் முறை. ஒரு தடவை வெறும் பத்து இலக்கம், இன்னொரு தடவை முன்னால் 0, வேறொரு தடவை +91. லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை வந்ததும், போனிலும் 0 சேர்த்தே சேமித்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் +91 என்று தொடங்கும்படி ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும்போதும் அந்த நம்பர் அப்படியே வேலை செய்யும்.

கூகுள் காண்டாக்ட்ஸில் இரட்டைகளைக் கண்டுபிடித்து இணைக்கும் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் 'எல்லாவற்றையும் இணை' என்ற பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து இணையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு செயலியை நம்பி மொத்தமாக இணைத்தோம், அப்பாவும் மகனுமான இரண்டு பேருக்கு ஒரே லேண்ட்லைன் நம்பர் இருந்ததால் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அந்த அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்கப் போட்ட மெயில் மகனின் அலுவலக முகவரிக்குப் போனது. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வாரமானது.

டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் பாதிப் பெயர்கள் சமக்குறியும் எண்களுமாக வந்தன, சில பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. எக்செல் வழியாகச் செய்து பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி. தமிழே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
– திருச்சி வாசகர்

விடவே விடாதீர்கள். உங்களுக்கு நடந்த மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, மூன்றையும் சரிசெய்யலாம்.

முதலில் சமக்குறி. போனிலிருந்து பெயர்களை எடுக்கும்போது விகார்டு என்ற ஃபைல் வரும். அதில் 1996இல் வந்த 2.1 என்ற பழைய பதிப்பை இன்னும் பல ஆண்ட்ராய்டு போன்கள் எழுதுகின்றன. அந்தக் காலத்து முறையில், ஆங்கிலம் அல்லாத எழுத்து ஒவ்வொன்றையும் சமக்குறி போட்ட குறியீடுகளாக மாற்றி எழுதுவது வழக்கம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் நம் எழுத்தின் ஒவ்வொரு கூறும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு சேர்த்து மூன்று குறிகளாகிவிடும். 'முருகன்' என்பதில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு கூறுகள், ஆக 63 குறிகள். ஒரு வரிக்கு 76 குறிகள்தான் அனுமதி என்பதால் 'மீனாட்சிசுந்தரம்' மாதிரி நீளமான பெயர் அடுத்த வரிக்கு மடியும். வாங்கும் மென்பொருளுக்கு மடிந்த வரியைச் சேர்க்கத் தெரியவில்லை என்றால் பெயர் பாதியில் வெட்டுப்படும். பெயர்கள் வெட்டுப்பட்டது இதனால்தான். 3.0, 4.0 பதிப்புகளில் இந்தச் சமக்குறி வேலை கிடையாது. அதனால் போனிலிருந்து போனுக்கு நேராக மாற்றாமல், பழைய போனில் கூகுள் கணக்கோடு ஒத்திசைத்துவிட்டு, புதுப் போனில் அதே கணக்கைப் போடுங்கள். நடுவில் ஃபைலே வேண்டாம். பழைய போன் கைவிட்டுப் போய் ஃபைல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைக் கூகுள் காண்டாக்ட்ஸில் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்து கேள்விக்குறி. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் விண்டோஸில் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல் ஒன்று உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்றை விண்டோஸ் வைத்ததே இல்லை, நம் மொழி அதில் வந்ததே யுனிகோடோடுதான். ஆகவே எக்செல்லில் சாதாரண 'சிஎஸ்வி' என்று சேமித்தால் அந்தப் பழைய பட்டியலில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாமல் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிறது. அப்படிச் சேமித்த ஃபைலிலிருந்து பெயரை மீட்கவே முடியாது, மூலத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எக்செல் இன்னொரு வேலையும் செய்யும், +91 என்று தொடங்கும் நம்பரைக் கணக்கு எண் என்று நினைத்து '9.19 இ பிளஸ் 11' என்பது போலச் சுருக்கிவிடும். அதை அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். நம்பர் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள், சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறக்கவே வேண்டாம். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் தமிழ் எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் எழுதாவிட்டாலும், டிடிபி என்றதும் எனக்கு வேறொன்றும் தோன்றியது. உங்களிடம் பழைய பட்டியல் ஏதாவது பாமினி எழுத்துருவில் இருக்கிறதா? இருந்தால் அது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியதுதான், எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். போனுக்கு அந்த எழுத்துரு தெரியாது. யுனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, பிறகு முகவரிப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

இன்னொன்று, நம் பெயர்களுக்கு இந்தப் புத்தகங்கள் பொருந்துவதே இல்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள். 'கு. செல்வம்' என்று போட்டால் 'கு.' முதல் பெயர் ஆகி, 'செல்வம்' குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. வேறொரு மென்பொருளுக்குப் போனதும் 'செல்வம், கு.' என்று திரும்புகிறது. நான் முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே போட்டு, கடைசிப் பெயரைக் காலியாக விட்டுவிடுகிறேன். எங்கே போனாலும் மாறாமல் இருக்கிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேட வேண்டும் என்றால் பட்டப்பெயர் கட்டத்தில் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள்.

போனில் இடம் வேண்டும் என்று வேண்டாத பெயர்களை அழித்தேன். கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயும் காணோம்!
– சேலம் வாசகி

ஒத்திசைவு என்பது பேக்கப் இல்லை அம்மா. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிப்பதுதான் அதன் வேலை, அதைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் சீக்கிரம் செயல்பட்டால் திரும்ப எடுக்கலாம். கூகுள் காண்டாக்ட்ஸில் அழித்தவை 30 நாள் 'டிராஷ்' பெட்டியில் இருக்கும். கம்ப்யூட்டரில் திறந்தால் அமைப்புகளில் 'அன்டூ சேஞ்சஸ்' என்றும் ஒன்று உண்டு. பத்து நிமிடம் முன்பு, நேற்று, ஒரு வாரம் முன்பு, அதிகபட்சம் 30 நாள் முன்பு வரை மொத்தப் பட்டியலையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் போனால் இடையில் சேர்த்த புதுப் பெயர்கள் மறையும், அதனால் முதலில் இன்றைய பட்டியலை ஒரு ஃபைலாக எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஐபோன்காரர்கள் ஐகிளவுட் இணையப் பக்கத்தில் 'டேட்டா ரெகவரி' என்பதில் காண்டாக்ட்ஸின் பழைய பிரதியைத் தேடலாம்.

பெயர்களை அழித்து இடம் மிச்சமாவதெல்லாம் சொல்லும்படி இருக்காது. ஆயிரம் பெயர்கள் சேர்ந்தாலும் ஒரு வீடியோ அளவுக்கு வராது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் விகார்டு ஃபைலாக எடுத்துப் பென் டிரைவில் போடுங்கள், ஃபைல் பெயரில் தேதி போடுங்கள்.

வேலை மாறப்போகிறேன். அலுவலக மெயில் போனிலும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்ன?
– சென்னை வாசகர்

கடைசி நாளுக்கு முன்பே பாருங்கள். அலுவலகக் கணக்குக்குள் சேமித்த பெயர்கள் அந்தக் கணக்கோடு சேர்ந்தவை. கணக்கை எடுத்ததும் போனிலிருந்து அவையும் மறையும். குழந்தையின் பள்ளிக்கூட நம்பர், வீட்டு டாக்டர் நம்பர் எல்லாம் தெரியாமல் அதற்குள் போயிருக்கும், ஏனென்றால் போனில் 'சேமி' என்று அழுத்தும்போது எந்தக் கணக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. கணக்கு வாரியாக வடிகட்டிப் பார்த்து உங்கள் சொந்த ஆட்களை மட்டும் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். வாடிக்கையாளர் பட்டியல் நிறுவனத்துடையது, அதை எடுக்க வேண்டாம்.

மாமா மெயில் முகவரி மாறி ஒரு வருடமாகிறது. காண்டாக்ட்ஸில் திருத்திவிட்டேன். ஆனாலும் பெயரைத் தட்டினால் பழைய முகவரிதான் முதலில் வருகிறது.
– ஈரோடு வாசகர்

அது காண்டாக்ட்ஸிலிருந்து வரவில்லை. ஜிமெயில், நீங்கள் கடிதம் போட்டவர்களை 'அதர் காண்டாக்ட்ஸ்' என்ற தனிப் பட்டியலில் சேர்த்து வைக்கிறது. அங்கே போய்ப் பழையதை அழியுங்கள். அவுட்லுக் என்றால், பழைய முகவரி யோசனையாக வரும்போது பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், அதை அழுத்தினால் போதும்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய நண்பர்கள் எல்லோருடைய முகவரியும் அவர் ஜிமெயிலில்தான் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டில் மட்டும் இன்னும் திறக்கிறது. அப்படியே விட்டுவைக்கலாமா?
– திருநெல்வேலி வாசகி

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் அம்மா. அப்படியே விட வேண்டாம். அந்தத் தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, விகார்டாக ஒன்று, சிஎஸ்வியாக ஒன்று என்று எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். 'கலெக்டட் அட்ரசஸ்' புத்தகத்தையும் மறக்காமல் எடுங்கள், அவர் கடிதம் போட்டவர்கள் பலர் அதில் மட்டும் இருப்பார்கள். இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருக்கிறது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவின் பட்டியலை உங்கள் பட்டியலோடு கலந்துவிடாமல், ஏற்றும்போதே 'அப்பாவின் நண்பர்கள்' என்று ஒரு லேபிள் போட்டு ஏற்றுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்ல விட்டுப்போனவர்கள் யாரும் இருந்தால் அதில் தெரியவரும்.

அம்மா கணக்குக்கும் உங்கள் கணக்குக்கும் ஓர் ஏற்பாடு செய்துவிடுங்கள். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று 2013 முதல் இருக்கிறது. நாம் குறித்த காலம் வரை கணக்கு அசையாமல் கிடந்தால், நாம் சொன்ன ஆளுக்கு, அதிகபட்சம் பத்துப் பேருக்கு, காண்டாக்ட்ஸ் உட்பட நாம் தேர்ந்தெடுத்தவற்றைக் கொடுக்கும். ஆப்பிளில் இதற்கு 'லெகசி காண்டாக்ட்' என்று பெயர், 2021 கடைசியில் வந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, யார் பெயரைப் போடலாம் என்று கேட்டு, இந்த வாரமே போட்டுவிடுங்கள்.